நாகர்கோவில் ஸ்டெம் செல் இலவச ஆலோசனை முகாம்: என் அனுபவம்

ஒரு நட்சத்திரம். அதுவும் வரவேற்பில் இருந்த பிள்ளை பொறுமையாகப் பேசியதற்கு.

அண்ணன் மகனுக்கு டிராவெட் சிண்ட்ரோம் என்கிற கடுமையான வலிப்பு நோய். லேசாகக் காய்ச்சல் வந்தாலே கைகால் வெட்டி இழுக்கும். வால்ப்ரோயேட், குளோபாசாம் என்று இரண்டு வலிப்பு மருந்தும் ஓடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்த நோட்டீஸைப் பார்த்த மதினி, போயே ஆகவேண்டும் என்றார். மார்த்தாண்டத்தில் மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டார்.

ஆட்டிசம், பக்கவாதம், முட்டுவலி, வலிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே ரேட்! பிள்ளையின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, ஸ்டெம் செல்லை, அதாவது வேறு செல்லாக வளரக்கூடிய மூலச் செல்லைப் பிரித்து, முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவார்களாம். "அது மூளைக்குப் போய் என்ன செய்யும், டாக்டர்?" என்றேன். "ரிப்பேர் பண்ணும்" என்றார். அவ்வளவுதான் பதில்.

அப்புறம் ஸ்டெம் செல்லால் வலிப்புக்குச் சிகிச்சை என்று அமெரிக்கச் செய்தி ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்தச் செய்தி உண்மைதான். ஆனால் அது வேறு சங்கதி. நியூரோனா என்ற கம்பெனி ஸ்டெம் செல்லிலிருந்து இன்டர்நியூரான் என்கிற நரம்பு செல்களை வளர்த்து, ஆபரேஷன் செய்து நேராக மூளைக்குள் வைக்கிறது. காபா என்ற ரசாயனத்தைச் சுரந்து, மூளையின் மிதமிஞ்சிய துடிப்பை அடக்குகிற செல்கள் அவை. 2022-இல் முதல் நோயாளிக்கு வைத்தார்கள். அவர்கள் எடுத்தது டெம்போரல் லோப், அதாவது மூளையின் பக்கவாட்டுப் பகுதியில் தொடங்கும் வலிப்பு உள்ள பெரியவர்களை. டிராவெட்டில் எஸ்சிஎன்1ஏ ஜீன் கோளாறால் தளர்ந்துபோவதும் முக்கியமாக இந்த அடக்கும் செல்கள்தான் என்பதால், நமக்கும் ஆசை வரத்தான் செய்யும். இடுப்பு மஜ்ஜை அந்த வேலையைச் செய்யாதே!

"இது டிரையலா? பதிவு எண் உண்டா?" என்று கேட்டதும் பேச்சு தள்ளுபடிக்குத் தாவிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்றவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம். அதற்குக் குடும்பத்திடம் காசு வாங்கக் கூடாது. இங்கே இஎம்ஐ வசதி வேறு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது கடைசியில்தான். "கார்பமசெபின் கொடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். டிராவெட் பிள்ளைக்கு வலிப்பைக் கூட்டிவிடும் மாத்திரை அது. மதினியே "அது கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ" என்று எழுந்துவிட்டார்.

மருந்துக்கு அடங்காத வலிப்பு என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா மருத்துவமனையில் வலிப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. குழித்துறையில் ரயில் ஏறினால் போதும்.

சலுகை முடியப்போகிறது என்று மதினிக்கு இன்னும் போன் வந்துகொண்டிருக்கிறது.