ஷெங் சியின் இடக்கை: ஒரு கண்காட்சி நூலைப் பற்றி

சமகாலச் சீனப் புகைப்படக் கலையை அறிய விரும்புவோருக்கு, ஊ ஹுங்கும் கிறிஸ்டஃபர் பிலிப்சும் தொகுத்து 2004-இல் வெளிவந்த 'பிட்வீன் பாஸ்ட் அண்ட் ஃபியூச்சர்' என்ற நூலைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதே ஆண்டு நியூயார்க்கில் தொடங்கிய கண்காட்சியை ஒட்டி வந்த இந்நூல், சிங்கப்பூரின் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய கலை நூல்கள் விற்கும் கடையொன்றில் எனக்குக் கிடைத்தது. இதில் 60 கலைஞர்கள் இடம்பெற்றிருந்தாலும், என் கை மீண்டும் மீண்டும் புரட்டுவது சீனக் கலைஞர் ஷெங் சியின் 'நினைவுகள்' வரிசையைத்தான்.

சிவப்புப் பின்னணியில் ஓர் இடக்கை விரிந்திருக்கிறது. உள்ளங்கையில் சிறிய கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றில் சிறுவயது ஷெங் சி, இன்னொன்றில் அவருடைய தாய், மற்றொன்றில் மாவோ. நம் பார்வை முதலில் அந்தச் சின்ன முகத்தில் பதிகிறது. பிறகுதான் சுண்டுவிரல் இல்லாததைக் கவனிக்கிறோம். 1965-இல் பிறந்த அவர், 1989-இல் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டம் ஒடுக்கப்பட்ட பின் அவ்விரலைத் தாமே வெட்டி, பூந்தொட்டியில் புதைத்துவிட்டு நாட்டை விட்டு வெளியேறினார். ரோமிலும் லண்டனிலும் வாழ்ந்து, 1998-இல் பெய்ஜிங் திரும்பி, 2000-இல் இப்படங்களை எடுத்தார். இரத்தமோ கதறலோ இல்லாமல், ஆறிப்போன காயத்தை மட்டும் காட்டியதே இவ்வரிசையின் பெரிய பலம் என்பேன். ஒரு நாட்டின் துயரம், ஒரு குடும்பத்தின் முகங்களோடு ஒரே கையில் அடங்கிவிடுகிறது.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இந்தக் கை வேறு சில கைகளையும் நினைவூட்டாமல் இராது. கப்பல் பட்டறையிலும் கட்டுமானத் தளத்திலும் விரலை இழந்த வெளிநாட்டு ஊழியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் அவர்களுடைய நிரந்தர உடற்குறையைச் சதவீதமாகக் கணக்கிட்டு இழப்பீடு தருகிறது. ஷெங் சி தாமாக வெட்டிக்கொண்டதையும் இயந்திரம் பறித்துக்கொண்டதையும் ஒன்றாகப் பேச நான் துணியமாட்டேன். எனினும், அந்த ஊழியர்களின் உள்ளங்கையில் யாருடைய படம் இருக்கும் என்று கேட்கத் தூண்டியது இந்தப் பக்கம்தான். இளையர்களுக்கு இதைக் காட்டுவோர், அவர் தம்மைக் காயப்படுத்திக்கொண்டதை வீரச்செயலாகச் சொல்லாமல், படத்தைப் பற்றியே பேசுவது நல்லது.

நூலில் குறைகளும் உண்டு. பெரிய அளவில் பார்க்க வேண்டிய படங்கள் பக்கத்துக்குள் சுருங்கிவிடுகின்றன. கலைஞர்கள் இத்தனை பேர் என்பதால் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் இடமும் குறைவு. ஆங்கிலக் கட்டுரைகள் கனமானவை. படங்களை ஒருமுறை முழுக்கப் பார்த்தபின் அவற்றுக்கு வருவது எளிது. கண்காட்சியில் ஓடிய காணொளிகள் இங்கே அசையாப் படங்களாகவே நிற்பதால், அந்தப் பக்கங்களுக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்.