புகை டெஸ்டும் லைசனும்: திருகோணமலையில் வருடாந்தச் சேவை எப்படி?

வருடாவருடம் வண்டிக்குப் புகை டெஸ்ட் செய்து வருமான லைசன் (வாகன வருமான அனுமதிப்பத்திரம்) புதுப்பிக்கும் சேவைக்கு நல்ல புள்ளி போடலாம். அதோடு கொஞ்சக்காலம் ஒட்டியிருந்த காபன் வரிக்குப் போட முடியாது.

புகை டெஸ்டில் பெற்றோல் காருக்குக் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் பார்ப்பார்கள். டீசலுக்கு அக்சிலரேற்றரை முழுக்க மிதித்துப் புகையின் அடர்த்தியை எடுப்பார்கள். இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு போங்கள். குளிர்ந்த இஞ்சினில் நல்ல வண்டியும் விழும். வழக்கமாக மாட்டுவது அடைத்துப்போன எயார் பில்டர், பெற்றோல் கூடுதலாக இழுக்கும் காபரேற்றர், டீசலில் தேய்ந்த நொசில். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வண்டிகளுக்கு இன்னொன்றும் உண்டு: உப்புக்காற்றில் சைலன்சர் இற்று ஓட்டை விழும். வெளிக்காற்று கலந்தால் அளவு பிழைக்கும். முதலில் வெல்டிங், பிறகு டெஸ்ட்.

புகை டெஸ்ட் சான்றிதழ், காப்புறுதி, பழைய லைசன் மூன்றும் கையில் இருந்தால் மிச்சம் சுலபம். லொறி, பஸ்ஸுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும்.

ஆனால் டெஸ்டில் பாஸான வண்டியும் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டை விடத்தான் செய்யும். அதற்கென்று 2019இல் லைசனோடு வந்தது காபன் வரி. பெற்றோல், டீசல் வண்டிக்கு 5 வருடம் வரை இஞ்சின் கொள்ளளவில் ஒரு சீசீக்கு 50 சதம், 10 வருடம் வரை 1 ரூபா, அதற்கு மேல் 1.50. எட்டு வருடப் பழைய 1,500 சீசீ கார் என்றால் 1,500 ரூபா. வருடத்துக்கு 1,000 லீற்றர் எரிப்பவருக்கு அது ஒரு தொன் காபனீரொட்சைட்டுக்குச் சுமார் 650 ரூபா. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் எடுத்து 300 லீற்றர் எரிப்பவருக்கு 2,170. குறைய ஓடியவருக்குத்தான் கூடிய விலை! ஆட்சி மாறிய கையோடு வந்த வரிக்குறைப்பில் அது போனது; யாரும் அழவில்லை.

அவுஸ்திரேலியாவில் கதை வேறு. காபன் வரி வராது என்று 2010 தேர்தலில் சொன்ன பிரதமர் ஜூலியா கில்லார்ட், 2012 ஜூலையில் தொன்னுக்கு 23 டொலர் விலை வைத்தார். பெரிய ஆலைகளிடம், வெளியிட்ட அளவுக்கே அறவிட்டதால் கணக்கு ஒழுங்கு, தேர்தலில் கொடுத்த வாக்குறுதிதான் ஒழுங்கில்லை. அதையே பிடித்துக்கொண்டு அடுத்த தேர்தலில் வென்ற டோனி அபொட் 2014இல் அந்த வரியை நீக்கிவிட்டார்.

இங்கே திரும்பக் கொண்டுவருவதென்றால் சீசீக்கு வேண்டாம், லீற்றருக்குப் போடட்டும். மண்ணெண்ணெயில் ஓடும் வள்ளக்காரருக்கு அந்த வரியில் எவ்வளவு திருப்பிக் கொடுப்பார்கள் என்பதையும் வாக்குக் கேட்டு வரும்போதே சொல்லட்டும்.