ஜிப்ரால்டர் அசேலியா: பூவுக்கு ஐந்து நட்சத்திரம், இலைக்கு இரண்டு

இலையுதிர்க்கும் அசேலியாப் பூச்செடிகளில் ஒன்றே ஒன்றுதான் வைக்க இடம் இருக்கிறது என்றால் எக்ஸ்பரி வகையான (இங்கிலாந்தின் எக்ஸ்பரி தோட்டத்தில் உருவான கலப்பினம்) ஜிப்ரால்டரை யோசிக்காமல் வாங்கலாம். வசந்தத்தில் இலை முழுசாக விரியும் முன்பே அடர்சிவப்பு மொட்டுகள் தலைகாட்டி, விரிய விரிய ஓரம் சுருண்ட பளீர் ஆரஞ்சாக மாறி, கொத்துக் கொத்தாகச் செடியையே மறைத்துவிடும். வாசனைக்காக வாங்குகிறவர்களுக்கு இது சரிவராது.

மண் விஷயத்தில் ரொம்பக் கறார். மண்ணின் அமில அளவான பிஎச் 4.5 முதல் 6 வரை இருக்க வேண்டும், சுண்ணாம்பு மண்ணில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இலை மஞ்சளடித்துவிடும். வேர் மேலாக ஓடுவதால் ஆழமாக நடக்கூடாது, பக்கத்தில் கொத்தவும் கூடாது; மரப்பட்டை மூடாக்கு போட்டு ஈரம் காத்தால் போதும். எனக்கு வந்த தொட்டிச் செடியில் வேர் வட்டமாகச் சுற்றி இறுகிக் கிடந்தது, தண்ணீரில் ஊறவைத்து விரலால் பிரித்துவிட்ட பிறகே நட முடிந்தது. விற்றவர்கள் அதைச் சொல்லியிருக்கலாம்.

அப்புறம், கத்தரிப்பதென்றால் பூ உதிர்ந்த கையோடு. தாமதித்தால் அடுத்த வருட மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள். கோடைக் கடைசியில் எக்ஸ்பரி வகைகளின் இலையில் சாம்பல் நோய் வரக்கூடும், காற்றோட்டமாக வையுங்கள். இலை, பூ எல்லாமே விஷம், நாய் பூனை இருக்கிற வீட்டில் கவனம்.