ஃபீல்டா, லேப்பா, ட்ரோனா? நீலகிரி வரைபடத் திட்டத்தில் எந்த உதவியாளர் வேலையைப் பிடிப்பது

சோலை (பள்ளங்களில் வளரும் பசுமை மாறாத காடு), புல்வெளி, சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), தேயிலை, காய்கறித் தோட்டம் என்று மலையில் எது எங்கே இருக்கிறது, எவ்வளவு பரப்பில் இருக்கிறது என்று படம் போடும் பல்கலைக்கழகத் திட்டங்கள் ‘மாணவர் உதவியாளர்’ என்ற ஒரே பெயரில் மூன்று விதமான வேலைக்கு ஆள் எடுக்கின்றன. மலையேறிப் பாயின்ட் எடுக்கும், அதாவது ஓரிடத்தில் நின்று அதன் ஜி.பி.எஸ். இருப்பிடத்தையும் அங்கே இருப்பதையும் பதியும் ஃபீல்டு வேலை ஒன்று. லேப்பில் உட்கார்ந்து பாலிகன் வரையும், அதாவது ஒவ்வொரு நிலவகையின் எல்லையையும் திரையில் மூடிய கோடாக வரையும் வேலை ஒன்று. மூன்றாவது ட்ரோன் குழு. விளம்பரத்தைப் பார்த்து ட்ரோன் பக்கம் சாய்பவர்களே அதிகம். கற்றுக்கொள்வதை வைத்துப் பார்த்தால் அதைத்தான் கடைசியில் வைக்க வேண்டும்.

ஃபீல்டு வேலை

செயற்கைக்கோள் படம் சொல்வது சரியா என்று நேரில் நின்று பார்ப்பதுதான் இது. பெரும்பாலான திட்டங்கள் ஐரோப்பிய செயற்கைக்கோளான சென்டினல்-2 தரும் படத்தை எடுத்துக்கொள்கின்றன. அதன் ஒரு கட்டம் (பிக்சல்) தரையில் 10 மீட்டர். ஆகவே பாயின்ட் எடுக்கும் இடம் குறைந்தது 30-க்கு 30 மீட்டருக்கு ஒரே வகையாக இருக்க வேண்டும், நீங்கள் அதன் நடுவில் நிற்க வேண்டும். ஓரத்தில் நின்று எடுத்தால், திறந்த வெளியிலேயே போன் ஜி.பி.எஸ். காட்டும் 5 மீட்டர் பிழை உங்களைப் பக்கத்துக் கட்டத்தில் தள்ளிவிடும். சோலைக்குள் இலைக் கூரையின் கீழே அந்தப் பிழை 15, 20 மீட்டருக்கும் போகும். போனைக் கையில் பிடித்து இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று, பிழை எண் இறங்கிய பிறகே சேமிக்க வேண்டும். அவசரத்தில் இந்த எண்ணைப் பார்க்காமல் ‘சேவ்’ அழுத்துவதால்தான் பாதிப் பாயின்ட்கள் பின்னால் குப்பைக்குப் போகின்றன.

ஒவ்வொரு பாயின்ட்டிலும் நான்கு திசைக்கும் ஒரு படம், நிலவகை, அந்த வகை எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது, சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற குறிப்பு வேண்டும். போனிலேயே பாயின்ட்டைப் பதியும் கியூஃபீல்டு செயலியில் படிவத்தை முன்பே அமைத்து, நிலவகையைத் தட்டச்சு செய்யாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். ஒருவர் ‘சீகை’, இன்னொருவர் ‘வாட்டில்’, மூன்றாமவர் இரண்டு எழுத்துப் பிழையோடு மூன்றாவது பெயர் என்று எழுதிவந்தால் லேப்பில் இருப்பவருக்கு ஒரு வாரம் போய்விடும்.

இங்கே பெரிய தவறு ரோட்டு ஓரத்தை நம்புவது. மஞ்சூர் ரோட்டிலோ கோத்தகிரி ரோட்டிலோ வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுத்தால் ஒரே நாளில் 25 பாயின்ட் கிடைத்துவிடும். பள்ளத்தில் இறங்கினால் பத்துகூடத் தேறாது. ஆனால் ரோட்டு ஓரத்தில் நிற்பது பெரும்பாலும் நட்ட மரமும் தேயிலையும்தான். இந்தப் பாயின்ட்களைப் பார்த்துத்தான் கணினி நிலவகைகளை அடையாளம் காணக் கற்கிறது. புல்வெளிக்குப் பத்துப் பாயின்ட், தேயிலைக்கு நூறு என்று வந்தால் கணினி எதைக் கண்டாலும் தேயிலை என்று சொல்லப் பழகிவிடும். ஒரு வகைக்குக் குறைந்தது 50 என்பது துறையில் பழகிப்போன கணக்கு. அதை எட்ட வேண்டுமானால் நடந்துதான் ஆக வேண்டும்.

நடப்பதற்கும் விலை உண்டு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதிக் கடிதமில்லாமல் காலெடுத்து வைக்கக்கூடாது. கடிதத்தில் உங்கள் பெயர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள், ‘குழுவினர்’ என்று மட்டும் இருந்தால் செக்போஸ்ட்டில் நிற்க வேண்டிவரும். குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் காலையிலும் மாலையிலும் காட்டெருமையும் கரடியும் திரியும். ஹட்டியில் (படுகர் ஊர்) ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குவதே முறை. மழைக்காலத்தில் அட்டைக்கு உப்பும், சோலை ஓரத்துக் காஞ்சொறிக்கு முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

லேப் வேலை

வெளியிலிருந்து பார்த்தால் சலிப்பு. ஆனால் வரைபடத்தின் தவறுகள் வெளியே தெரிவது இங்கேதான். உதகைக்கு அட்சம் 11.41, தீர்க்கம் 76.70. இரண்டையும் மாற்றி எழுதினால் உதகைப் பாயின்ட் ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டுக்கு மேற்கே விழும். அது சிரிப்புதான், உடனே கண்டுபிடித்துவிடலாம். 11 பாகை 24 கலையை (டிகிரி, மினிட்) 11.24 என்று எழுதுவது அதைவிட ஆபத்தானது. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் சரியான எண் 11.40. இந்தத் தவறு பாயின்ட்டை ஏறத்தாழ 18 கி.மீ. தெற்கே தள்ளும், அங்கேயும் மலையும் மரமும் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்-ல் முதல் வேலை எல்லா அடுக்கையும் (லேயர்) பாகைக் கணக்கிலிருந்து மீட்டர் கணக்கான யு.டி.எம். 43 வடக்குக்கு மாற்றுவது. மென்பொருளில் அதன் குறியீடு இ.பி.எஸ்.ஜி. 32643. நீலகிரி, பழனி மலை இரண்டுமே அந்த மண்டலத்தில்தான் வருகின்றன. மாற்றாமல் ஓடையைச் சுற்றி 10 என்று பஃபர் (சுற்றுப்பட்டை) கொடுத்தால் 10 மீட்டர் வராது, 10 பாகை வரும். அது சுமார் 1,100 கி.மீ. சர்வே துறையின் பழைய டோப்போ தாளை (நில அமைப்பு வரைபடம்) மேலே போட்டால் வேறொரு சிக்கல். அவை எவரெஸ்ட் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை, ஜி.பி.எஸ். கணக்கு வேறு, அப்படியே பொருத்தினால் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

இந்த மலைக்கே உரிய பொறி ஒன்று உண்டு: நிழல். செயற்கைக்கோள் நம்மைக் கடப்பது காலை பத்தரை வாக்கில். டிசம்பர், ஜனவரியில் அப்போது சூரியன் தென்கிழக்கே தாழ்ந்திருக்கும். வடமேற்கு பார்த்த சரிவுகள் இருண்டு கிடக்கும், வெறும் புல்வெளியும் சோலை போலத் தெரியும். ஆனால் உறைபனியில் புல் காய்ந்து பழுப்பாகி, பசுமை மாறாத மரத்திலிருந்து தெளிவாகப் பிரிவதும் அதே மாதங்களில்தான். ஆக ஜனவரிப் படம் ஒன்று, சூரியன் உயர்ந்த மார்ச் படம் ஒன்று என இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காய்கறி அறுத்துவிட்டு விட்ட நிலமும் பழுப்பாகவே தெரியும். படிப்படியாக வெட்டிய வடிவத்தை வைத்துத்தான் அதைப் பிரிக்க முடியும், அதற்குக் கண் பழக வேண்டும்.

பாலிகன் வரையும்போது திரையின் அளவை 1:2,500 என்று பூட்டிவிடுங்கள். ஒருவர் பெரிதாக்கியும் இன்னொருவர் சிறிதாக்கியும் வரைந்தால் எல்லைகள் பொருந்தாது. பக்கத்து எல்லையோடு கோட்டைத் தானாக ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங் போடாவிட்டால் பாலிகன்களுக்கு நடுவே நூல் போன்ற இடைவெளிகள் விழுந்து பரப்புக் கணக்கு கெடும்.

ட்ரோன் குழு

பாட்டரி, தரையில் விரிக்கும் அடையாளத் துணிகள் ஆகியவற்றைச் சுமப்பது, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது. மாணவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். கற்க வேண்டிய ஒரு விஷயம் மட்டும் முக்கியம்: சாதாரண அமைப்பில் ட்ரோன் உயரத்தைக் கிளம்பிய இடத்திலிருந்தே கணக்கிடும். பள்ளத்தில் நின்று 100 மீட்டர் என்று அமைத்து மேட்டை நோக்கி அனுப்பினால், தரை 80 மீட்டர் உயர்ந்து அதன்மேல் 25 மீட்டர் கற்பூர மரம் நிற்கும்போது கதை முடிந்தது. மோதாவிட்டாலும் தரை நெருங்க நெருங்கப் அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதி குறைந்து, எல்லாவற்றையும் இணைத்துத் தைத்த படத்தில் ஓட்டை விழும். மேட்டிலிருந்து கிளம்ப வேண்டும், அல்லது தரையைப் பின்தொடரும் அமைப்பைப் போட வேண்டும்.

2021 ட்ரோன் விதிப்படி, தனி அனுமதி கேட்காமல் பறக்கவிடும் பச்சை மண்டலத்திலும் 120 மீட்டருக்கு மேல் போக அனுமதி வேண்டும். வெலிங்டன் போன்ற ராணுவ இடங்களை ஒட்டி என்றால் எங்கே ட்ரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிட்டால் அன்றைய வேலை அதோடு சரி. 250 படத்தைத் தைக்கவே 16 ஜி.பி. ராம் உள்ள கணினி வேண்டும். அந்தத் தையல் வேலையையும் உங்களிடம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் இந்தக் குழுவை யோசிக்கலாம்.

எதைப் பிடிப்பது

மழை முடிந்து வானம் தெளியும் ஜனவரி முதல் மார்ச் வரை ஆள் எடுத்தால் ஃபீல்டு. ஜூனில் என்றால் லேப், ஏனென்றால் அப்போது அவலாஞ்சிப் பக்கம் போய்ப் பாயின்ட் எடுப்பதைவிட நனைவதே அதிகம். ஆனால் பருவத்தைவிட ஒரு கேள்விதான் எடை கூடியது: எடுத்த பாயின்ட்களைச் சுத்தம் செய்வது யார்? ‘நீங்களே’ என்று பதில் வந்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் சேருங்கள். தன் பாயின்ட் ஏன் தவறிப்போனது என்று தானே திரையில் பார்த்தவர் அடுத்த முறை ஓரத்தில் நிற்க மாட்டார். ‘அதற்கு வேறு ஆள் இருக்கிறார்’ என்றால் ஃபீல்டுக்காரர் சுமைதூக்கியாகவும் லேப்காரர் மலையே பார்க்காதவராகவும் முடிவார்கள். வண்டிச் செலவு யாருடையது, ஊதியம் நாள் கணக்கா மாதக் கணக்கா, மழையில் போன நாளுக்குக் கூலி உண்டா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்பவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்தில் ‘கியூஜிஐஎஸ் தெரியும்’ என்று எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. உங்கள் ஊரைச் சுற்றி இரண்டு சதுர கி.மீ. எடுத்துக்கொண்டு, பொது வழியில் நடந்து 30 பாயின்ட் எடுத்து, நிலவகைகளை வரைந்து ஒரு பக்க வரைபடமாக இணையுங்கள். எந்தெந்தப் பாயின்ட் தவறியது, ஏன் என்று அதன் அடியில் நான்கு வரி எழுதுங்கள்.