டீச்சர் வீட்டுப் பாயா, ஜூம் திரையா?

கர்நாடக வாய்ப்பாட்டைத் தனி வகுப்பில் கற்க இன்று இரண்டு வழி: டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பாயில் உட்காருவது, அல்லது வீட்டிலேயே ஜூமைத் திறப்பது. நான் இரண்டிலும் சில வருடம் இருந்திருக்கிறேன்.

நேரில் போனால் நம் குரலுக்கேற்ற சுருதி (பாட்டின் ஆதார ஸ்வரம்; அதன் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்) சீக்கிரம் பிடிபடும். பெண்களுக்குப் பெரும்பாலும் 5, 5½ கட்டை. ஆண்களுக்கு 1, 1½. என் டீச்சர் அரைக் கட்டை இறக்கச் சொன்னதே என் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்துத்தான். அப்புறம், மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி) மூன்றாம் காலத்தில், அதாவது அதிவேகத்தில், ஓடும்போது அவரும் கூடவே பாடுவார். தடுமாறினால் அவர் குரலைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடுவேன்.

ஜூமில் இது நடக்காது. சத்தம் போய்ச்சேரக் கொஞ்சம் தாமதமாகும்; சேர்ந்து பாடினால் தாளம் சிதறிவிடும். அவர் பாட, நான் திருப்பிப் பாட, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, பின்னணியில் சுருதி மீட்டும் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து ஜூம் அமுக்கிவிடும். ஜூமில் உள்ள 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியைப் போட்டால்தான் சரியாகும். தோடி ராகத்தில் காந்தார ('க') ஸ்வரத்தின் அசைவு லேப்டாப் ஸ்பீக்கரில் பாதிதான் கேட்கும் (நல்ல ஹெட்போன் வாங்கிவிடுங்கள்).

சரி, ஜூமில் லாபமே இல்லையா? பாடத்தைப் பதிவு செய்து பத்து முறை கேட்கலாம். டொரன்டோவில் இருந்துகொண்டே மயிலாப்பூர் டீச்சரிடம் படிக்கலாம். துணைக்குரல் இல்லாததால் நம் பிசிறு நமக்கே கேட்கும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் பாயைத்தான் சொல்வேன். வர்ணம் (கீர்த்தனைக்கு முன் கற்கும் பயிற்சிப் பாடல்) தாண்டியவர்கள் கீர்த்தனைகளை ஜூமிலேயே பாடம் பண்ணிக்கொள்ளலாம்.