பூனை உள்ள வீட்டுக்கு டெபியனா, ஆர்ச்சா?

ராயபுரத்தில் எங்களுடையது ஒற்றை அறை வீடு. காசிமேட்டு நெத்திலியைத் தின்று முடித்ததும் எங்கள் பூனை முத்து, லேப்டாப்பின் சூட்டைத் தேடி வந்து கீபோர்டு மேலேயே படுத்துவிடுவான். விரட்ட மனசு வராது. அதனால், டெபியன், ஆர்ச் என்ற இரண்டு லினக்ஸ் இயங்குதளங்களில் எதை லேப்டாப்பில் போடுவது என்று பார்த்தபோது, அப்டேட் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

ஆர்ச் 2002-ல் தொடங்கியது. பதிப்பு எண்ணே கிடையாது. புது மென்பொருள் வெளிவந்த சில நாளில் கைக்கு வரும். அதன் விக்கி அருமையானது, டெபியன்காரர்களும் அதைத்தான் புரட்டுவார்கள். ஆனால் அடிக்கடி, முழுதாக அப்டேட் செய்தாக வேண்டும். ஒருநாள் அப்டேட்டில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மாறும்போது முத்து பவர் பட்டனை மிதித்துவிட்டான். யூஎஸ்பியில் பூட் செய்து, ஆர்ச்-க்ரூட் என்ற கட்டளை வழியாக லேப்டாப்பில் இருந்த ஆர்ச்சுக்குள் போய் கெர்னலைத் திரும்பப் போட்டு முடிக்க நள்ளிரவு தாண்டியது.

டெபியன் 1993-ல் இயன் மர்டாக் தொடங்கியது. நிலையான பதிப்பு ஏறத்தாழ 2 ஆண்டுக்கு ஒன்று. இடையில் வருபவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களே. சீக்கிரம் முடிந்துவிடும், பூனை குறுக்கே வரும் நேரமும் குறைவு. மென்பொருள் கொஞ்சம் பழசாக இருக்கும், அவ்வளவுதான்.

எதைப் போட்டாலும் பவர் பட்டனைக் கவனிக்கும் லாகின்டியின் அமைப்புக் கோப்பில் (logind.conf) 'ஹேண்டில்பவர்கீ' (HandlePowerKey) வரியை 'இக்னோர்' (ignore) என்று மாற்றிவிடுங்கள், பட்டனை லேசாக மிதித்தால் லேப்டாப் அணையாது. லாகின்டி, சிஸ்டத்தைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் ஒரு பகுதி; இரண்டுமே சிஸ்டம்டி என்பதால் இரண்டிலும் இது உண்டு. விசிறியில் சேரும் முடியையும் மறக்காமல் துடையுங்கள்.

நான் இப்போது டெபியனில் இருக்கிறேன். முத்து இன்னும் கீபோர்டு மேலேதான்.