2020 ஏஎஃப்சி வடக்கு: ரேவன்ஸா, பிரவுன்ஸா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் 2020 பருவத்தில், ஏஎஃப்சி வடக்கு என்ற ஒரே பிரிவிலிருந்து இரண்டு அணிகள் வைல்ட் கார்டு பெற்றன; அதாவது, பிரிவை வெல்லாமலேயே பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றுகளுக்குள் நுழைந்தன. இவற்றில் எது மேல்? பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 12-4 (வெற்றி-தோல்வி) என்று பிரிவை வென்றுவிட, பால்டிமோர் ரேவன்ஸும் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸும் 11-5 என்று சமமாக நின்றன. இவை இரண்டும் வெறும் அண்டை அணிகள் அல்ல. உரிமையாளர் ஆர்ட் மோடல் 1996-இல் கிளீவ்லேண்ட் அணியை வேரோடு பெயர்த்து பால்டிமோருக்குக் கொண்டுபோனதால் பிறந்ததே ரேவன்ஸ். கிளீவ்லேண்ட் மீண்டும் ஓர் அணியைப் பெற 1999 வரை காத்திருந்தது.

பருவம் முழுவதையும் வைத்துப் பார்த்தால் ரேவன்ஸ்தான் மேல். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. அவர்கள் எடுத்த புள்ளிகள் 468, கொடுத்தவை 303. பிரவுன்ஸ் 408 எடுத்து 419 கொடுத்தது. நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டங்களும் ரேவன்ஸ் பக்கமே: 38-6, பிறகு டிசம்பரில் 47-42. அந்த இரண்டாவது ஆட்டத்தில், தசைப்பிடிப்பால் வெளியேறிய ரேவன்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) லாமர் ஜாக்சன் திரும்பி வந்து ஆட்டத்தை மீட்டார். ஜஸ்டின் டக்கர் 55 யார்டிலிருந்து பந்தை உதைத்து முன்னிலை தந்தார்.

இரண்டுமே பந்தை ஏந்தி ஓடும் அணிகள். ரேவன்ஸின் ஓட்டம் ஜாக்சனின் கால்களைச் சுற்றியே சுழன்றது. குவார்ட்டர்பேக்காக இருந்துகொண்டு 1,005 யார்டு ஓடினார். பிரவுன்ஸிலோ நிக் சப், கரீம் ஹன்ட் என்று இருவர். சப் நான்கு ஆட்டங்களில் ஆடாமலேயே 1,067 யார்டு சேர்த்தார். ஒருவர் விழுந்தாலும் நிற்கும் இந்த அமைப்பையே நான் விரும்புகிறேன்.

2021 ஜனவரி 10 அன்று, பிளேஆஃபின் முதல் சுற்றில், இரு அணிகளும் வெளியூரில் ஆடின. நாஷ்வில்லில் ரேவன்ஸ் 20-13 என்று டைட்டன்ஸை வென்றது. டைட்டன்ஸின் ஓட்டக்காரர் டெரிக் ஹென்றியை 40 யார்டுக்குள் முடக்கியது அருமையான தடுப்பாட்டம். ஆனால் பிட்ஸ்பர்க்கில் பிரவுன்ஸ் செய்தது வேறு ரகம். தலைமைப் பயிற்சியாளர் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி கோவிட் காரணமாக வீட்டில் இருந்தார். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பரணின் தூணான ஜோயல் பிட்டோனியோவும் இல்லை. ஸ்டீலர்ஸின் முதல் ஸ்னாப்பே (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் தருவது) அவர்களின் குவார்ட்டர்பேக் ரோத்லிஸ்பெர்கரின் தலைக்கு மேல் பறந்து பிரவுன்ஸின் டச்டவுனாக, முதல் கால்பகுதியிலேயே 28-0. முடிவில் 48-37. 1994 பருவத்துக்குப் பிறகு கிளீவ்லேண்ட் பார்த்த முதல் பிளேஆஃப் வெற்றி. அந்த ஒரு வாரத்துக்கு என் ஓட்டு பிரவுன்ஸுக்கே.

அடுத்த சுற்றில் இரண்டும் வீழ்ந்தன. பஃபலோவில் ரேவன்ஸ் 17-3 என்று அடங்கிப்போனது. பஃபலோவின் டாரன் ஜான்சன் இடைமறித்த பந்தோடு 101 யார்டு ஓடினார். பிறகு ஜாக்சன் தலையில் அடிபட்டு வெளியேற, துரத்திப் பிடிக்க வேறு வழியே அவர்களிடம் இல்லை. கன்சாஸ் சிட்டியில் பிரவுன்ஸ் கடைசிவரை துரத்தி 22-17 என்று தோற்றது. முதல் பாதி முடியும் தறுவாயில் பிரவுன்ஸின் ரஷார்ட் ஹிக்கின்ஸ் கோட்டைத் தொடப் பாய்ந்தபோது, டேனியல் சோரன்சன் மோதியதில் கைநழுவிய பந்து எல்லை மண்டலம் வழியாக வெளியே உருண்டு கன்சாஸ் சிட்டி அணியான சீஃப்ஸுக்குப் போனது. பந்தை எதிரணி கைப்பற்றாதபோதும் அதற்கே கொடுத்துவிடும் அந்த விதியை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.